‘கிளையன்ட் ஃபார்ம் 16-ஐ ஏஐ ஆப்பில் ஏற்றிவிட்டேன்... அழித்தால் போதுமா?’

கேள்வி: மயிலாப்பூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். போன ரிட்டர்ன் சீசனில் வேலை தலைக்கு மேல் போய்விட்டது. கிளையன்ட்களின் ஃபார்ம் 16 (சம்பள வரிச் சான்று), பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் சாட்ஜிபிடியில் ஏற்றி, சுருக்கமும் கணக்கும் கேட்க ஆரம்பித்தேன். ஆடிட்டருக்குத் தெரியாது. என் சொந்த அக்கவுண்ட்தான். அலுவலகக் கம்ப்யூட்டரில் லாகின் செய்து வைத்திருந்ததால் கூட வேலை பார்ப்பவர்களும் அதையே பயன்படுத்தினார்கள். வீட்டில் அம்மா சுகர் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் இருக்கும் மெட்டா ஏஐயிடம் விளக்கம் கேட்கிறார். பத்தாவது படிக்கும் மகன் இரவில் ஏதோ ஓர் ஏஐ ஆப்பில் மணிக்கணக்கில் டைப் செய்துகொண்டிருக்கிறான். ‘ஏஐயிடம் பேசியதெல்லாம் கூகுளில் வருகிறது’ என்று உறவினர் குரூப்பில் ஒரு செய்தி வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. ஏற்றியதை அழித்தால் போதுமா? ஆடிட்டரிடம் சொல்லியே ஆக வேண்டுமா? இதையெல்லாம் அடியோடு நிறுத்திவிடவா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை-4

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மூன்று கேள்விக்கும் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். அழித்தால் மட்டும் போதாது. ஆடிட்டரிடம் சொல்லத்தான் வேண்டும். அதுவும் அழிப்பதற்கு முன்பே. அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

உங்கள் தூக்கத்தைக் கெடுத்த கூகுள் செய்தியை எடுத்துக்கொள்வோம். அது முழுப் பொய் இல்லை. ஆனால் உங்களுக்கு வந்த வடிவத்தில் உண்மையும் இல்லை. சாட்ஜிபிடியில் ஓர் உரையாடலை மற்றவருக்கு அனுப்ப ‘ஷேர்’ லிங்க் உருவாக்கலாம். 2025-ல் அந்த இடத்தில், தேடுபொறிகளிலும் இது தெரியட்டுமா என்று கேட்கும் ஒரு சிறிய கட்டம் இருந்தது. என்னவென்று யோசிக்காமல் பலர் அதை டிக் செய்துவிட்டார்கள். அவர்களுடைய உரையாடல்கள் கூகுளில் வந்தன. ஜூலை இறுதியில் இது பெரிய செய்தியானதும், சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ நிறுவனம் அந்த வசதியையே எடுத்துவிட்டது. அடுத்த மாதமே குரோக் என்ற இன்னொரு ஏஐ ஆப்பில் இதைவிட மோசமாக நடந்தது. அங்கே ஷேர் பட்டனை அழுத்தியதே போதும், அந்தப் பக்கம் தேடுபொறிக்குப் போய்விட்டது. 3,70,000-க்கும் மேற்பட்ட உரையாடல்கள் அப்படி வெளியே கிடந்ததாக ‘ஃபோர்ப்ஸ்’ எழுதியது.

ஆகவே நீங்கள் ஷேர் லிங்க் எதுவும் உருவாக்காமல் இருந்திருந்தால், கிளையன்ட்டின் ஃபார்ம் 16 இந்த வழியாகக் கூகுளுக்குப் போயிருக்க வாய்ப்பில்லை. ஊகத்தில் விட வேண்டாம், பார்த்தே விடலாம். செட்டிங்ஸில் ‘டேட்டா கன்ட்ரோல்ஸ்’ பகுதிக்குள் ‘ஷேர்டு லிங்க்ஸ்’ என்று இருக்கும். இதுவரை அந்த அக்கவுண்டிலிருந்து உருவான லிங்க் எல்லாம் அங்கே தெரியும். கூட வேலை பார்ப்பவர்களும் உங்கள் அக்கவுண்டைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதால் அவசியம் பாருங்கள். ஏதாவது இருந்தால் அந்த லிங்கை உடனே நீக்கிவிடுங்கள்.

கூகுளில் வரவில்லை என்றால் கவலை இல்லை என்று அர்த்தமில்லை. நீங்கள் ஏற்றிய பிடிஎஃப் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் சர்வருக்குப் போய், உங்கள் அக்கவுண்டின் பெயரில் அங்கே இருக்கிறது. நம்மூர் ஜெராக்ஸ் கடை வாட்ஸ்அப் நம்பருக்கு ஆதாரை அனுப்பிப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வருகிறோம்; காகிதம் நம் கைக்கு வந்துவிடுகிறது, ஃபைல் அந்தக் கடை போனில் தங்கிவிடுகிறது. அதே கதைதான் இதுவும். அந்த ஃபைலுக்கு அதன்பிறகு என்னவெல்லாம் நடக்கலாம் என்பதை அந்த நிறுவனத்தின் விதிகள் தீர்மானிக்கின்றன. தனிநபர் அக்கவுண்ட்களில், நீங்கள் தடுக்காத வரை, உரையாடல்களை அடுத்தடுத்த மாடல்களைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவது பல நிறுவனங்களின் வழக்கம். சில உரையாடல்களை மனிதர்களே படித்துத் தரம் பார்ப்பதும் உண்டு. தன் ஏஐயான ஜெமினி விஷயத்தில் கூகுள் இதை ஒளிக்கவில்லை. அப்படி மனிதர் படித்த உரையாடல்கள் மூன்று ஆண்டு வரை வைத்திருக்கப்படும், நீங்கள் உங்கள் பக்கத்தில் அழித்தாலும் அவை அழியாது, ரகசியமான எதையும் டைப் செய்யாதீர்கள் என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

அழித்தால் போதுமா என்று கேட்டீர்கள். சாட்ஜிபிடியில் ஓர் உரையாடலை டெலீட் செய்தால் 30 நாளுக்குள் சர்வரிலிருந்து நீக்கிவிடுவோம் என்பது ஓபன்ஏஐ சொல்லும் கணக்கு. சட்டம் குறுக்கிட்டால் அந்த வாக்கு நிற்காது. ‘நியூயார்க் டைம்ஸ்’ தொடர்ந்த வழக்கில் அமெரிக்க நீதிமன்றம் 2025 மே மாதம், பயனர்கள் அழித்தவற்றையும் சேர்த்துப் பாதுகாத்து வைக்கும்படி ஓபன்ஏஐக்கு உத்தரவிட்டது. செப்டம்பர் இறுதி வரை அந்தக் கடமை நீடித்தது. அந்த மாதங்களில் டெலீட் அழுத்தியவர்களின் திரையிலிருந்து உரையாடல் போய்விட்டது; சர்வரிலிருந்து போகவில்லை. உங்கள் ரிட்டர்ன் சீசன் எந்த வருடமாக இருந்தாலும் இதை நினைவில் வையுங்கள். டாக்டரிடமோ வக்கீலிடமோ பேசுவதற்குச் சட்டத்தில் இருக்கும் ரகசியக் காப்பு ஏஐயிடம் பேசுவதற்கு இல்லை என்று ஓபன்ஏஐயின் தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025 ஜூலையில் ஒரு பேட்டியில் சொன்னார்.

பழுதாலும் விவரம் கசியும். 2023 மார்ச் 20 அன்று ஒரு மென்பொருள் பிழையால், சாட்ஜிபிடி பயன்படுத்திய சிலருக்கு வேறு யாருடைய உரையாடல் தலைப்புகளோ பக்கப் பட்டியலில் தெரிந்தன. 2025 ஜனவரியில் டீப்சீக் என்ற சீன ஏஐ நிறுவனத்தின் ஒரு டேட்டாபேஸ் பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து கிடந்ததை ‘விஸ்’ என்ற பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. உள்ளே பயனர்களின் உரையாடல்களும் இருந்தன.

இவ்வளவு சொன்னாலும், சென்னையில் நான் போய்ப் பார்க்கும் சிறிய அலுவலகங்களில் என்னை அதிகம் கலங்க வைப்பது இந்தப் பெரிய சம்பவங்கள் அல்ல. நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன விஷயம்தான்: ஒரே லாகினை எல்லோரும் பயன்படுத்துவது. கிண்டியில் ஓர் அலுவலகத்தில் ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் ஏஐ பக்கம் திறந்தே இருந்தது. இடப் பக்கப் பட்டியலில் வரிசையாகத் தலைப்புகள்: ஒரு டெண்டருக்கான கடிதம், அதன் கீழே யாரோ கேட்ட மூலம் ஆபரேஷன் செலவு, அதன் கீழே விவாகரத்து நோட்டீஸுக்குப் பதில். யார் கேட்டது என்று அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் ஊகிக்க முடிந்தது. அங்கே ஹேக்கர் என்று யாரும் வரவேயில்லை.

இதோடு இன்னொரு ஆபத்தும் சேருகிறது. ‘குரூப்-ஐபி’ என்ற நிறுவனம் 2023 ஜூனில் வெளியிட்ட ஆய்வில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாட்ஜிபிடி லாகின்கள் திருட்டுச் சந்தையில் கிடப்பதைக் கண்டது. நாடுவாரியாகப் பார்த்தால் இந்தியாதான் முதலிடம். அவை ஓபன்ஏஐயை உடைத்து எடுத்தவை அல்ல. பயனர்களின் கம்ப்யூட்டரில் புகுந்த வைரஸ்கள் பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளை அள்ளிக்கொண்டு போனதால் கிடைத்தவை. லைசென்ஸ் வாங்காமல் ‘கிராக்’ செய்த மென்பொருள் போட்ட கம்ப்யூட்டரில் இப்படிப்பட்ட வைரஸ் நுழைவது மிகச் சுலபம். உங்கள் அலுவலகக் கம்ப்யூட்டரில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

இனி ஃபார்ம் 16. நீங்கள் தினமும் கையாள்வதால் அது வெறும் காகிதமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். ஒரு முறை வெளியாள் கண்ணோடு பாருங்கள். ஃபைலின் பெயரே பெரும்பாலும் பான் நம்பரில்தான் தொடங்கும். திறந்தவுடன் ஊழியரின் பெயர், வீட்டு முகவரி, பான். நிறுவனத்தின் பெயர், முகவரி, டான் (வரி பிடிப்பவரின் எண்). அடுத்த பகுதியில் சம்பளம் அலவன்ஸ் வாரியாகப் பிரித்து. கீழே வரிக் கழிவுகள்: 80சி பிரிவில் சேமிப்பு எவ்வளவு, வீட்டுக் கடன் வட்டி எவ்வளவு, 80டி பிரிவில் மருத்துவக் காப்பீடு எவ்வளவு. ஒருவருக்கு வீட்டுக் கடன் இருக்கிறது, மருத்துவக் காப்பீடு கட்டுகிறார், இன்ன கம்பெனியில் இவ்வளவு வாங்குகிறார் என்பது ஒரே ஃபைலில் வந்துவிடுகிறது. ‘சார், உங்க கம்பெனி டிடிஎஸ்ல ஒரு வித்தியாசம் இருக்கு, ரீஃபண்ட் நிக்குது’ என்று ஒரு மோசடிக்காரன் போன் செய்து, பானையும் சம்பளத்தையும் சரியாகச் சொன்னால் படித்தவர்களும் நம்பிவிடுவார்கள்.

இன்னும் ஒன்று. வருமான வரித் தளத்திலிருந்து இறக்கும் ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) பிடிஎஃப்-க்குப் பாஸ்வேர்டு என்ன? சிறிய எழுத்தில் பான், அதோடு பிறந்த தேதி. இரண்டையும் சாட்டில் எழுதியவர், ஒரு மனிதரின் வட்டி வருமானம், பங்கு விற்பனை, சொத்துப் பரிவர்த்தனை எல்லாவற்றுக்குமான சாவியையும் அங்கேயே வைத்துவிட்டுப் போகிறார். ஃபைல் திறக்கவில்லை என்று பாஸ்வேர்டையும் சாட்டிலேயே டைப் செய்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். செய்திருந்தால் அந்த கிளையன்ட்களின் பெயர்கள் நீங்கள் போடப்போகும் பட்டியலில் முதலில் வர வேண்டும்.

உங்கள் கேள்வியில் இருக்கும் மூன்று விஷயங்களும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன: டைப் செய்யும் விவரம் யாருடையது? உங்கள் சம்பளத்தை, உங்கள் உடம்பை, உங்கள் மனசைப் பற்றி ஏஐயிடம் சொல்வது உங்கள் இஷ்டம். நல்லது கெட்டது தெரிந்து நீங்கள் எடுக்கும் முடிவு. கிளையன்ட்டின் ஃபைல் உங்களுடையது இல்லை. ஆடிட்டருடையதுகூட இல்லை. அந்த மனிதர் ஆடிட்டரை நம்பிக் கொடுத்தது. 1949-ஆம் ஆண்டு சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, தொழில்ரீதியாகத் தெரியவந்த கிளையன்ட் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வேறு யாருக்கும் வெளியிடுவதைத் தொழில்முறைத் தவறு என்கிறது. உங்கள் கையால் நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் ஆடிட்டர். அதனால்தான் அவரிடம் மறைக்கக் கூடாது என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு, 2027 மே மாதம் அமலுக்கு வருகின்றன. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. உங்கள் அலுவலகத்துக்கு அவ்வளவு வரும் என்று பயமுறுத்தவில்லை. சிறிய அலுவலகம் என்பதற்காக இந்தச் சட்டம் கண்ணை மூடிக்கொள்ளாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்த இக்கட்டில் நீங்கள் தனி ஆளும் இல்லை. 2023-ல் சாம்சங் பொறியாளர்களே ரகசிய மென்பொருள் குறியீட்டை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்து, அந்த நிறுவனம் ஊழியர்களுக்குத் தடை போட்டது. 2025 ஜனவரி இறுதியில் நம் மத்திய நிதி அமைச்சகமும், அலுவலகக் கருவிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைத் தவிர்க்கும்படி தன் ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

இப்போது செய்ய வேண்டியதற்கு வருகிறேன். பதற்றத்தில் எல்லாவற்றையும் டெலீட் செய்துவிடாதீர்கள். முதலில் உங்கள் உரையாடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்த கிளையன்ட்டின் எந்த ஆவணம், எந்தத் தேதியில் போயிற்று என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அழித்த பிறகு இந்தப் பட்டியலை யாராலும் தயாரிக்க முடியாது. அந்த நோட்டோடு ஆடிட்டரைத் தனியாகப் பாருங்கள். ‘சார், சீசன்ல வேலை முடியாம இப்படிப் பண்ணிட்டேன். யார் யாருடையதுன்னு எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன்’ என்று ஆரம்பித்தால் போதும். பட்டியலோடு வருபவரிடம் பேசுவதற்கும், ஒரு நாள் வெளியிலிருந்து தெரியவந்து கூப்பிட்டு விசாரிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். யாருக்குத் தகவல் சொல்வது என்பதை அவர் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், அக்கவுண்ட் நம்பர் தெரியும் பேங்க் ஸ்டேட்மென்ட் போன கிளையன்ட்களுக்கும், பானோடு பிறந்த தேதியும் போனவர்களுக்கும் சொல்லிவிடுவதுதான் முறை.

அதன்பிறகு அழியுங்கள். உரையாடலை அழித்தால் ‘மெமரி’ தானாக அழியாது; அது வேறு இடத்தில், செட்டிங்ஸில் தனியாக இருக்கிறது. அதைத் திறந்து பார்த்தால் உங்களைப் பற்றியும் உங்கள் வேலையைப் பற்றியும் அது குறித்து வைத்திருப்பதைப் படிக்கலாம், நீக்கலாம். ‘டேட்டா கன்ட்ரோல்ஸ்’ பகுதியில் ‘இம்ப்ரூவ் த மாடல் ஃபார் எவ்ரிஒன்’ என்ற பட்டனை அணைத்துவிடுங்கள். இனிமேல் பேசுவது பயிற்சிக்குப் போகாது. எல்லாக் கருவியிலிருந்தும் ‘லாக் அவுட்’ செய்து, பாஸ்வேர்டை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பாஸ்வேர்டு மாற்றும் வேலையை அந்த அலுவலகக் கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள். வைரஸ் இருந்தால் புதியதும் போய்விடும். உங்கள் போனில் செய்யுங்கள்.

பான் நம்பரை பாஸ்வேர்டு மாதிரி மாற்ற முடியாது. கண்காணிக்கத்தான் முடியும். பட்டியலில் இருப்பவர்கள் ஏஐஎஸ்-ஐ அவ்வப்போது திறந்து தெரியாத பரிவர்த்தனை எதுவும் இருக்கிறதா என்று பார்க்கலாம். தங்கள் பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்று கிரெடிட் ரிப்போர்ட்டிலும் பார்க்கலாம். ஒவ்வொரு கிரெடிட் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பணம் போனால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

வேலையை எப்படி முடிப்பது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஏஐக்கு ஆள் யார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. ஃபைலை ஏற்றுவதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: ‘சம்பளம் வாங்கும் 42 வயதுக்காரர். ஆண்டுச் சம்பளம் சுமார் 14 லட்சம். 80சி-யில் 1.5 லட்சம். குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டி 1.8 லட்சம். பெற்றோர் மருத்துவக் காப்பீடு 30,000. பழைய முறை, புதிய முறை இரண்டிலும் எவ்வாறு கணக்கிட வேண்டும்? படிப்படியாகக் காட்டு.’ உங்களுக்கு வேண்டிய விளக்கம் இதிலேயே கிடைத்துவிடும். இந்த விவரத்தை வைத்து யாரையும் அடையாளம் காண முடியாது. துல்லியமான தொகையை வருமான வரித் தளத்திலேயே இருக்கும் கால்குலேட்டரில் போடுங்கள். வரி விகிதத்தில் ஏஐ தவறும் செய்யும் என்பது உங்களுக்கே அனுபவத்தில் தெரிந்திருக்கும்.

சிலர் பிடிஎஃப்-இல் பெயருக்கு மேல் கறுப்புக் கட்டம் வரைந்து ஏற்றுகிறார்கள். அது மறைப்பே இல்லை. கட்டத்துக்குக் கீழே எழுத்து அப்படியே இருக்கிறது. மவுஸால் இழுத்து காப்பி செய்தால் வந்துவிடும். போனில் மார்க்கர் பேனாவால் பூசுவதும் அப்படித்தான், பிரகாசத்தைக் கூட்டினால் பல சமயம் கீழே இருப்பது தெரியும். ஆவணத்தைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் பிரின்ட் எடுத்து, மறைக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி, மறுபடி ஸ்கேன் செய்து, ஃபைல் பெயரையும் மாற்றுங்கள்.

இந்த வேலை ஒவ்வொரு சீசனிலும் வரும் என்பதால், ஆடிட்டரிடம் பேசும்போதே நிரந்தர ஏற்பாட்டையும் கேளுங்கள். நிறுவனங்களுக்கான கட்டணத் திட்டங்களில் டேட்டா பயிற்சிக்குப் போகாது என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனி லாகின் கிடைக்கும். நல்ல கம்ப்யூட்டர் இருந்தால், லாமா, ஜெம்மா போன்ற திறந்த மாடல்களை அதிலேயே இறக்கி, இன்டர்நெட் இல்லாமல் ஓட்டலாம். பெரிய மாடல் அளவுக்குத் திறமை இருக்காது. ஸ்டேட்மென்ட்டைச் சுருக்கிச் சொல்வதற்கு அது போதும். ஃபைலும் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. எந்த ஏற்பாடாக இருந்தாலும் கிளையன்ட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டுச் சம்மதம் வாங்கிவிடுவது நல்லது.

அம்மா விஷயத்தில் எனக்குக் கவலை குறைவு. அவருடைய ரிப்போர்ட், அவருடைய விருப்பம். ஆனால் வாட்ஸ்அப்பில் நடப்பது எல்லாமே பூட்டிய பேச்சு என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். உறவினர்களோடு பேசுவது அப்படித்தான், இரு முனை மறையாக்கம் (பேசுபவர்களைத் தவிர யாரும் படிக்க முடியாத பூட்டு) உண்டு. மெட்டா ஏஐயிடம் பேசுவதற்கு அது கிடையாது. அங்கே எழுதுவது மெட்டா நிறுவனத்துக்கே போகிறது. தன் ஏஐயோடு மக்கள் பேசுவதை வைத்து விளம்பரங்களைத் தீர்மானிக்கப்போவதாக மெட்டா அறிவித்து, 2025 டிசம்பர் 16 முதல் அதைத் தொடங்கியது. உடல்நலம், மதம், அரசியல் போன்றவற்றை விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று அவர்கள் சொல்கிறார்கள்.

அம்மாவுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது சுலபமானது. லேப் ரிப்போர்ட்டின் மேல் பகுதியைப் பாருங்கள்: பெயர், வயது, போன் நம்பர், நோயாளி எண், டாக்டர் பெயர், மூலையில் ஒரு க்யூஆர். பல லேப்களில் அந்த க்யூஆரை ஸ்கேன் செய்தால் முழு ரிப்போர்ட்டே திறக்கும். தலைப்பகுதியைப் பின்னால் மடித்துவிட்டு, எண்கள் இருக்கும் இடத்தை மட்டும் படம் எடுக்கச் சொல்லுங்கள். அல்லது ‘எச்பிஏ1சி 8.2, கிரியேட்டினின் 1.1, வயது 67’ என்று எழுதினாலே விளக்கம் வந்துவிடும். மாத்திரையைக் கூட்டுவது குறைப்பது மட்டும் டாக்டரைக் கேட்டுத்தான் என்பதை அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

மகன் விஷயம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ‘ஏதோ ஓர் ஏஐ ஆப்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது எது என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். பிரபல ஆப்களின் லோகோவைப் போலவே தோற்றம் வைத்துக்கொண்டு, பெயர் தெரியாத நிறுவனங்கள் நடத்தும் ஆப்கள் நிறைய உலவுகின்றன. யார் நடத்துகிறார்கள், எங்கே சேமிக்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. ஓர் அரட்டை ஆப் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால் அதற்கு எந்த நியாயமும் இல்லை. ஓடிபி எல்லாம் அங்கேதான் வருகிறது. அப்படிக் கேட்கும் ஆப்பை உடனே நீக்கிவிடுங்கள். 2025-ல் ஏர்டெல் பெர்ப்ளெக்சிட்டி என்ற ஏஐ ஆப்பையும், ஜியோ ஜெமினியையும், ஓபன்ஏஐ தன் சாட்ஜிபிடி ‘கோ’ திட்டத்தையும் இந்தியாவில் இலவசமாகக் கொடுத்தன. பெயர் தெரிந்த ஆப்பே காசில்லாமல் கிடைக்கும்போது தெரியாத ஆப்பை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

கற்பனைப் பாத்திரங்களோடு நண்பன் போலவும் காதலி போலவும் பேச வைக்கும் ஆப்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான கேரக்டர் ஏஐ, 18 வயதுக்குக் குறைந்தவர்கள் இஷ்டம்போல் அரட்டை அடிப்பதை 2025 நவம்பரில் தானே நிறுத்திக்கொண்டது. அந்த வகை ஆப் என்றால் எடுத்துவிடுவதே சரி என்பது என் கருத்து. சாட்ஜிபிடி என்றால், 2025 செப்டம்பரிலிருந்து பெற்றோர் கட்டுப்பாடு இருக்கிறது. உங்கள் அக்கவுண்டோடு அவன் அக்கவுண்டை இணைத்து, இரவில் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வேலை செய்யாமல் வைக்கலாம், மெமரியை அணைக்கலாம், அவன் பேசுவது பயிற்சிக்குப் போகாமல் தடுக்கலாம். அவன் எழுதியதை நீங்கள் படிக்க முடியாது. அது அப்படி இருப்பதே நல்லது.

அவனுக்குத் தெரியாமல் போனை எடுத்துப் படிக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கிளையன்ட்டின் விவரம் கிளையன்ட்டுடையது என்றால், பதினைந்து வயதுப் பையனின் மனசும் ஓரளவுக்கு அவனுடையதுதான். அதற்குப் பதிலாக, இந்தக் கடிதத்தை எனக்கு எழுதிய காரணத்தை அவனிடம் அப்படியே சொல்லுங்கள். அம்மா அலுவலகத்தில் இப்படிச் செய்துவிட்டேன், இப்போது சரிசெய்கிறேன் என்று நீங்கள் முதலில் பேசினால் அவனும் பேசுவான். வகுப்புத் தோழர்களின் போட்டோ, அவர்கள் வீட்டுக் கதை, ஸ்கூல் ஐடி கார்டு இவற்றையெல்லாம் ஏற்றக் கூடாது என்பதை அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடலாம்.

அவன் இரவெல்லாம் டைப் செய்வது வீட்டுப்பாடமாகவும் இருக்கலாம், பத்தாம் வகுப்புப் பரீட்சை பயமாகவும் இருக்கலாம், யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றாகவும் இருக்கலாம். பேசிய பிறகு மூன்றாவதுதான் என்று உங்களுக்குத் தோன்றினால், 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசகர் கிடைப்பார். அவன் பேசத் தயங்கினால் முதலில் நீங்களே கூப்பிட்டு எப்படித் தொடங்குவது என்று கேட்கலாம்.

ஆடிட்டரிடம் பேசிய பிறகு ஏதாவது சிக்கல் வந்தால் மறுபடி எழுதுங்கள். கிளையன்ட் பெயர்களை எனக்கு அனுப்ப வேண்டாம். எந்த வகை ஆவணம் என்று மட்டும் சொன்னால் போதும்.